ஊரை விட்டுப் போனவர்களின் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம். கடைசியாக உடம்பில் உள்ள அடையாளம்: தழும்போ, மச்சமோ, பச்சை குத்தியதோ. சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களின் வரிகளைப் படித்துக்கொண்டே போனால், ஜில்லா என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களில் ஒன்று வட ஆர்க்காடு. இன்று வட ஆர்க்காடு என்றதும் நமக்கு வேலூர் நினைவுக்கு வருகிறது. அவர்கள் கப்பலேறிய காலத்தில் அந்த ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். 1911 வரை கலெக்டர் கச்சேரி அங்கேதான் இருந்தது.

முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நேட்டாலுக்கு மட்டும் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். மொரீஷியஸ், ஃபிஜி, மலேயா, பர்மா, இலங்கை எல்லாம் தனிக் கணக்கு. ஏன் போகிறாய் என்று கேட்கும் கட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. தாது வருஷப் பஞ்சம், தீராத கடன், சேரியில் பிறந்ததற்காக நாள்தோறும் பட்ட அவமானம், ஏஜென்ட் சொன்ன பொய், எதுவும் அதில் பதிவாகவில்லை.

இதே சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து இன்றும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்கு, படிக்காத பெண்கள் குவைத்துக்கு. 2022-இல் நாடு முழுவதும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தார்கள். 2023-இல் 2,16,219 பேர். இந்தக் கணக்கு நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும்போதெல்லாம் டீக்கடையிலும் திருமண வீட்டிலும் ஒரு பேச்சு எழும்: இந்த மண்ணில் தின்று வளர்ந்து, இந்த மக்கள் வரிப்பணத்தில் படித்து, அந்நியனுக்கு உழைக்கப் போகிறார்களே, இது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியைப் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் போக முடியாமல் நின்றுவிட்டவர்கள். அவர்களுக்கு ஒரு பதில் உரியது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் போனவர், இருப்பவர், அரசு என்று மூன்று பேரின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பழைய தமிழ்க் கணக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது திருப்பதி மலையிலேயே இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடப் பிரிந்து போவது தனியொரு துறை. பாலைத் திணையில் பாதிக்கு மேல் அதுதான். அகநானூற்றில் மாமூலனார் போன்ற புலவர்கள் பாடும்போது அவன் தாண்டிப் போகும் மலை வேங்கடம். புல்லி என்ற தலைவன் ஆண்ட மலை அது. அதற்கு அப்பால் பேசும் மொழி வேறு. அன்றைய தமிழனுக்கு வேங்கடம்தான் வெளிநாட்டின் வாசல். இன்றைய பாஸ்போர்ட் கவுன்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாடல்களில் போனவனை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. தலைவி உடல் மெலிகிறாள், வளை கழன்று விழுகிறது, ஊர் அலர் தூற்றுகிறது. தோழி ஆறுதல் சொல்கிறாள். எல்லோருடைய கவலையும் ஒன்றே: கார்காலத்தில் வருவேன் என்றானே, வருவானா? போனது அங்கே குற்றமாக எண்ணப்படவில்லை. சொன்ன சொல் தவறினால்தான் குற்றம். அந்தச் சொல்லும் நாட்டுக்கோ வேந்தனுக்கோ கொடுத்ததல்ல, வீட்டில் காத்திருக்கும் ஒருத்திக்குக் கொடுத்தது.

வெளியேறுவதே துரோகம் என்ற கருத்து மன்னர்களுடையது. இங்கிலாந்தில் 1608-இல் கால்வின் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கின் தீர்ப்பு, மன்னனின் ஆளுகையில் பிறந்தவன் சாகும்வரை அவனுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன் என்று வகுத்தது. அந்த விசுவாசத்தைக் கழற்றி வைக்க முடியாது. வேறு நாட்டில் போய்க் குடியேறினாலும் அது கூடவே வரும். பிரிட்டனில் இந்த விதி 1870 வரை நீடித்தது. வந்தேறிகளால் உருவான அமெரிக்காதான் இதை முதலில் உரத்து மறுத்தது. பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறப்பது மனிதனின் இயற்கை உரிமை என்று 1868-இல் சட்டம் செய்தது. 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 13-ஆம் பிரிவில் அதை உலகத்துக்கே பொதுவாக்கியது: எந்த நாட்டை விட்டும், சொந்த நாட்டை விட்டும் வெளியேறவும், திரும்பி வரவும் எவருக்கும் உரிமை உண்டு. நம் உச்ச நீதிமன்றமும் 1967-இல் சத்வந்த் சிங் சானி வழக்கிலும் 1978-இல் மேனகா காந்தி வழக்கிலும் வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டத்தைப் பொறுத்தவரை விவாதம் முடிந்துபோன ஒன்று.

ஆனால் அந்த மன்னர் காலத்து விதியைச் சித்தூர்க் கூலிக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விபரீதம் தெரியும். அவர் நாட்டை விட்டே போகவில்லை. சித்தூர் விக்டோரியா ராணியின் ஆளுகை. நேட்டாலும் அவருடைய ஆளுகைதான். 1858-இல் ராணியின் பிரகடனம் இந்தியக் குடிகளுக்கும் மற்றக் குடிகளுக்கும் ஒரே கடமை என்று வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கை நம்பி அல்ல, வயிற்றுக்காகத்தான் அவர் போனார். போய் ஐந்து வருடம் கரும்புத் தோட்டத்தில் உழைத்தார். ஒப்பந்தம் முடிந்து சொந்தமாகக் காய்கறி பயிரிட்டுப் பிழைக்கலாம் என்று நினைத்தபோது 1895-இல் நேட்டால் போட்ட ஒரு சட்டம் குறுக்கே நின்றது: மறுபடி கூலியாக ஒப்பந்தம் செய், அல்லது இந்தியாவுக்குத் திரும்பு, இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டு. மாதக் கூலியே பத்து, பன்னிரண்டு ஷில்லிங். மூன்று பவுன் என்பது ஐந்தாறு மாத உழைப்பு.

அங்கே விசுவாசம் தவறியவர் யார்? ராணியின் குடி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய், உழைப்பை வாங்கிக்கொண்டு, நீ எங்களவன் இல்லை என்று வரி போட்ட அரசுதான். 1913-இல் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையை விட்டு வெளியேறி நடந்தவர்கள் இந்த வரியை எதிர்த்தே நடந்தார்கள். மறு ஆண்டில் வரி ஒழிந்தது. அந்தப் போராட்டத்தில் காந்திக்கு வலக்கையாக இருந்த தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர். சிறைக்காய்ச்சலில் மாண்ட தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். காந்தியையே 1888-இல் கடல் கடந்ததற்காக அவருடைய சாதி ஒதுக்கி வைத்தது. சொந்தச் சாதி ஒதுக்கி வைத்தவரும், இந்தியாவைக் கண்ணால் காணாதவர்களும் சேர்ந்துதான் இந்திய விடுதலைப் போரின் முதல் பாடத்தைப் படித்தார்கள்.

முப்பது ஆண்டு கழித்து மலேயாவிலும் இதே கதை. 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபோது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையின் தலைவி லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940-இல் சிங்கப்பூருக்குத் தொழில் செய்யப் போனவர். இன்றைய அளவுகோலால் பார்த்தால் நாட்டின் செலவில் படித்து வெளிநாட்டுக்கு ஓடிய டாக்டர்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நாடு, நாடு என்கிறோமே, சித்தூர்க்காரருக்கு எது நாடு? திருத்தணியில் 1900-இல் பிறந்து, ஊரை விட்டு அசையாமல் வாழ்ந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்தது வட ஆர்க்காட்டில். 1911 ஏப்ரல் 1 முதல் அவர் சித்தூர் ஜில்லாக்காரர். 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலத்துக்காரர். ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் போராடிய பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் மறுபடி சென்னை மாநிலத்துக்காரர். வீடு அதே வீடு, திண்ணை அதே திண்ணை. திருப்பதியும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டார்கள், சேரவில்லை. அது 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டம். கோடுகள் இப்படி மனிதர்களின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மண்ணில், கோட்டைத் தாண்டியதே துரோகம் என்று ஒருவர் மேல் பழி போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தத் திருத்தணியில் பிறந்து திருப்பதி மிஷன் பள்ளியில் படித்த ராதாகிருஷ்ணன் 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். 1962-இல் குடியரசுத் தலைவரானார். அவரை யாரும் துரோகி என்றதில்லை.

இதுவரை சொன்னது போனவர்களுக்கு ஆதரவான பக்கம். அவர்கள் கொடுக்க வேண்டிய பக்கமும் இருக்கிறது. அதை நான் உண்டியலிலிருந்து தொடங்குகிறேன்.

திருப்பதியில் திருமலை தேவஸ்தானம் 1945-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரியைத் தொடங்கியது. 1954-இல் வந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தேவஸ்தானம் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. 1993-இல் ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம். பெண்கள் கல்லூரி, பள்ளிகள், விடுதிகள் என்று அந்த ஊரின் படிப்பில் பெரும்பங்கு ஏழுமலையான் காசு. அந்தக் காசு எப்படி வருகிறது? நம் வீடுகளில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். புரட்டாசி வரும்வரை அந்த முடிச்சு அங்கேயே இருக்கும். சில வீடுகளில் வருடக்கணக்கில் இருக்கும். எவ்வளவு கஷ்டத்திலும் அதை அவிழ்த்துச் செலவு செய்ய மாட்டார்கள். அவிழ்க்காத அந்த முடிச்சுகள் மலையேறி உண்டியலில் விழுந்துதான் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சேர்கிறது. போட்டவரில் பாதிப் பேர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்.

ஆகவே திருப்பதியில் படித்து டெக்சாஸில் வேலை பார்க்கும் பிள்ளை கடன்பட்டிருப்பது ஒரு கொடிக்கோ வரைபடத்துக்கோ அல்ல. திருவண்ணாமலையிலோ ஆரணியிலோ ஒரு கிழவி அவிழ்க்காமல் வைத்திருந்த முடிச்சுக்கு அவன் கடன்பட்டிருக்கிறான். அரசுக் கல்லூரியில் படித்தவனுக்கும் இதே கணக்குத்தான்: தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டிய ஏழைகளுக்கு அவன் கடன்காரன்.

திருமலையின் தலபுராணமே ஒரு கடன் கதை. பெருமாள் வைகுண்டத்தை விட்டுப் புறப்பட்டுச் சேஷாசலத்துக்கு வருகிறார். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை நாராயணவனத்தில் மணக்கிறார். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்குகிறார். கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறார். தெலுங்கில் அவருக்கு வட்டிகாசுலவாடு என்றே ஒரு பெயர். சொந்த ஊரை விட்டு வந்தவர்தான் இந்த மலையின் தெய்வம். வந்ததற்காக அவரைக் குறை சொல்லும் பக்தர் இல்லை. வாங்கிய கடனுக்கு ஒழுங்காக வட்டி கட்டுகிறார் என்பதுதான் அவருடைய பெருமை.

கடனை எப்படி வசூலிப்பது என்பதில்தான் நாடுகள் தவறு செய்தன. 1972-இல் சோவியத் யூனியன், வெளியேற விரும்பிய யூதர்களில் படித்தவர்களிடம் படிப்புச் செலவைக் கேட்டது. பணத்தை வைத்தால்தான் அனுமதி. அது கடன் வசூல் அல்ல, பிணைத்தொகை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி வேறொரு யோசனை சொன்னார்: போக விடுங்கள், போய்ச் சம்பாதித்த பிறகு, அங்கே கட்டும் வருமான வரியின் மேல் ஒரு சிறு கூடுதல் வரி வாங்கி, அவர்கள் கிளம்பி வந்த நாடுகளுக்கு அனுப்புங்கள். அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதிப்பதற்கு இந்தியா வரி கேட்பதில்லை. நான் பகவதியின் பக்கம். பாண்டு எழுதி வாங்குவதும் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் மனிதரை அடைத்து வைப்பதில் முடியும். சம்பாதித்த பிறகு கேட்பது கடனைக் கடனாக மதிக்கும் வழி.

பணம் ஏற்கெனவே வருகிறதே என்பார்கள். வருகிறது. 2023-24-இல் வெளிநாட்டு இந்தியர் அனுப்பியது 118.7 பில்லியன் டாலர் என்கிறது ரிசர்வ் வங்கி. அதில் தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம், ஆந்திரத்துக்கு 4.4 சதவீதம். ஆனால் அந்தப் பணம் அனுப்புகிறவரின் வீட்டுக்குப் போகிறது. மாடி எழும்புகிறது, மனை வாங்கப்படுகிறது. மஞ்சள் துணிக் கிழவிக்கு அதில் எதுவும் வருவதில்லை. குடும்பக் கடனைத் தீர்ப்பதும் ஊர்க் கடனைத் தீர்ப்பதும் ஒன்றல்ல.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புத்தகத்தில் இதைவிடக் கடுமையான ஒரு நஷ்டத்தைக் காட்டினார். ஒரு நிறுவனமோ நாடோ கெடும்போது முதலில் வெளியேறுகிறவர்கள் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள். உள்ளே இருந்தால் உரக்கக் கேள்வி கேட்டிருக்கக்கூடியவர்கள். அவர்கள் போனதும் குரல் அடங்கிவிடுகிறது. இந்த வாதத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் பிரசவத்துக்கு வந்த பெண்ணை வேலூருக்கோ திருப்பதிக்கோ அனுப்பும்போது, அந்த நாற்காலியில் இருந்திருக்க வேண்டியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற கேள்வி எழத்தான் செய்யும். கேள்வி சரி. ஆனால் அந்த நாற்காலிக்கு ஒழுங்கான சம்பளமும் குடியிருப்பும் பிள்ளைக்குப் பள்ளியும் கொடுக்காதவர் யார் என்பதும் கூடவே வர வேண்டும்.

திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். பேட்டமிட்டா கிராமத்தில் பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு மிச்சிகனில் மேல்படிப்பு முடித்து, சிகாகோவில் பொறியாளராக வேலை பார்த்து, 1980-களில் திரும்பி வந்தார். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலையைத் தொடங்கினார். வேலை தேடி ஊரை விட்டுப் போக வேண்டியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. இன்னொரு வகையும் உண்டு. மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி தேசபக்தியையே ஏற்காதவர். வாழ்நாளில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழித்து 1986-இல் கலிஃபோர்னியாவின் ஓஹாயில் மறைந்தார். ஆனால் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே ரிஷி வேலி பள்ளி அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. விசுவாசத்தைப் பற்றிப் பேசாதவர் ஊருக்கு எவ்வளவு கொடுத்துவிட்டுப் போனார் என்று அங்கே படித்த கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

இவர்களைக் காட்டி மற்றவர்களை அடிக்கக் கூடாது. திரும்பி வருவதற்கும் கையில் முதல் வேண்டும், ஊரில் நிலமும் ஆள்பலமும் வேண்டும். குவைத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்கு அது எதுவும் இல்லை.

துரோகம் பற்றிய இந்தப் பேச்சில் அந்தப் பெண் வருவதேயில்லை என்பதைக் கவனியுங்கள். கடப்பையிலிருந்தும் பழைய சித்தூர் மாவட்டத்தின் வறண்ட மேற்கு மண்டலங்களிலிருந்தும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களை யாரும் துரோகி என்பதில்லை. பாவம் என்பார்கள். பத்தாவது தேறாதவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். முப்பது வயது ஆகாவிட்டால் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. இந்த விதிகள் பாதுகாப்புக்காக வந்தவை. ஆனால் நேர்வழி அடைபட்டால் விசிட் விசாவில் அனுப்புகிற ஏஜென்ட் வருகிறான். போன இடத்தில் எஜமானி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள். 2018-இல் குவைத் அரசு பொது மன்னிப்பு அறிவித்தபோது, காகிதம் இல்லாமல் அங்கே சிக்கியிருந்த எத்தனையோ பேர் இந்த வட்டாரத்துக்குத் திரும்பினார்கள். ஆந்திர அரசே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. அனுப்புவதும் அரசு, வரும் பணத்தைக் கணக்கில் காட்டிப் பெருமைப்படுவதும் அரசு. அப்படியிருக்க, போனவர் விசுவாசம் தவறினார் என்று சொல்லும் தகுதி அந்த அரசுக்கு இல்லை.

சித்தூர்க் கூலியின் வாரிசுக்கும் இந்த நாடு கதவைப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறது. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற அட்டை பொதுவாகக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரைக்கும்தான். மொரீஷியஸ் போன்ற சில நாடுகளுக்கு விலக்கு உண்டு. நேட்டாலில் 1880-களில் இறங்கியவருடைய வம்சம் அந்தத் தலைமுறைக் கணக்கைத் தாண்டிவிட்டது.

இருந்தும் அவர்கள் வருகிறார்கள். நாயுடு, ரெட்டி, கவுண்டர், முதலி என்ற பெயர்கள் ஆங்கிலத்தில் தேய்ந்து உருமாறிய பின்னொட்டோடு, கையில் கப்பல் பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஜில்லா வட ஆர்க்காடு என்று அதில் இருக்கும். கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தக் கிராமம் இன்று சித்தூர் மாவட்டத்தில் இருக்கலாம், திருப்பதியில் இருக்கலாம், ராணிப்பேட்டையிலோ திருவள்ளூரிலோ இருக்கலாம். நூற்றைம்பது ஆண்டு ஒரு ஊரின் பெயரை மறக்காமல் வைத்திருந்தவர்களை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்றுகூட நம்மிடம் ஏற்பாடு இல்லை.

இந்த மாவட்டங்களில் கிராமக் கணக்கு பார்க்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கோயில் பூசாரிகள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். அப்படி ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், அந்தத் தாளில் உள்ள ஊர்ப் பெயரை மெதுவாக, சத்தமாக, இரண்டு மூன்று விதமாகப் படித்துப் பாருங்கள். தெலுங்கு தெரிந்த ஒரு பெரியவரையும் தமிழ் தெரிந்த ஒரு பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பல பெயர்கள் கண்ணுக்குப் பிடிபடாது, காதுக்குப் பிடிபடும்.